அளவுகோலை அளந்த ஒளி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் செய்துகாட்டிய பகுதிகளும் கேள்வி நேரமும் நீக்கப்பட்டுள்ளன.)



கல்லூரிகளில் அறக்கட்டளைகள் பெரும்பாலும் பேராசிரியர்கள் பெயரில் இருக்கும், அல்லது கொடையாளிகள் பெயரில். இந்த அறக்கட்டளை இயற்பியல் ஆய்வகத்தில் முப்பதாண்டுக்கு மேல் உதவியாளராக இருந்த ஒருவரின் நினைவாக அவர் பிள்ளைகள் வைத்தது. அழைப்பு வந்ததும் தலைப்புக்காக நான் அலையவில்லை. அவர் துடைத்து, மட்டம் பார்த்து, பூட்டித் திறந்து காப்பாற்றிய கருவி நிறமாலைமானி. அது எதை அளக்கிறதோ அதைப் பற்றிப் பேசுவதே முறை.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது கீற்றணிச் சோதனையைச் செய்திருப்பீர்கள். இருட்டறை, சோடியம் விளக்கு, பிளவு, இணையாக்கி. தொலைநோக்கியை நேர்க்கதிரில் நிறுத்தி, 90 பாகை திருப்பிப் பூட்டி, எதிரொளித்த பிம்பம் குறுக்குக் கம்பியில் விழும்வரை மேடையைச் சுழற்றி, பிறகு மேடையை 45 பாகை திருப்பினால் ஒளி கீற்றணியில் செங்குத்தாக விழும். அதன்பின் இடப்பக்கம் ஒரு மஞ்சள் கோடு, வலப்பக்கம் ஒரு மஞ்சள் கோடு. இரண்டின் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, கோணம்.

இப்போது ரெக்கார்டு நோட்டைத் திறந்து பாருங்கள். முதல் பாதியில் சோடியம் ஒளியின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்று எடுத்துக்கொண்டு, கீற்றணியில், அதாவது நெருக்கமாகக் கோடுகள் கீறிய கண்ணாடியில், மீட்டருக்கு எத்தனை கோடுகள் என்று கண்டுபிடிக்கிறோம். இரண்டாம் பாதியில் விளக்கை மாற்றி, அந்த எண்ணைக் கொண்டு பாதரசத்தின் பச்சை, மஞ்சள், நீலக் கோடுகளின் அலைநீளத்தைக் கண்டுபிடிக்கிறோம். முதல் பாதியில் ஒளி கண்ணாடியை அளக்கிறது. இரண்டாம் பாதியில் கண்ணாடி ஒளியை அளக்கிறது. மாணவனாக இருந்தபோது இதில் ஏதோ கள்ளக்கணக்கு இருப்பதாக எனக்குப் பட்டது. கேட்கத் துணிவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இன்று, கொஞ்சம் தாமதமாக, பதில் சொல்லப்போகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். அலைநீளத்தை அளந்த வரலாறு என்பது, கோலும் பொருளும் இடம் மாறிக்கொண்ட வரலாறு. முதலில் உலோகத்தை நம்பி ஒளியை அளந்தார்கள். கணக்கு இடித்தபோது குற்றம் மீண்டும் மீண்டும் உலோகத்தின் பக்கமே வந்து நின்றது. கடைசியில் கோலை ஒளியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இதை ஐந்து கூறுகளாகச் சொல்கிறேன்.

1. அளவு முந்தி வந்தது, அலை பிந்தி வந்தது

நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் ஒரு சோதனை இருக்கிறது. மிக மெல்லிய வளைவுள்ள தொலைநோக்கிக் கண்ணாடி ஒன்றை இன்னொரு கண்ணாடியின் தட்டை முகத்தோடு அழுத்தி வைத்து மேலிருந்து பார்த்தால் வண்ண வளையங்கள் தெரியும். அந்த வளையங்களின் குறுக்களவை அவர் அளந்தார். வளைவு தெரிந்தால், எந்த வளையத்துக்குக் கீழே காற்றுப் படலம் எவ்வளவு தடிமன் என்று கணக்கிட்டுவிடலாம். அடுத்தடுத்த ஒளி வளையங்களுக்கிடையே படலம் ஓர் அங்குலத்தில் 89,000இல் ஒரு பங்கு தடிக்கிறது என்று கண்டார்.

கைக்கருவியால் எப்படி இவ்வளவு நுண்மை? நம் ஆய்வகக் கணக்கையே பாருங்கள். வளைவு ஆரம் 1 மீட்டர் உள்ள வில்லை, சோடியம் விளக்கு. பத்தாவது கரு வளையத்தின் குறுக்களவு 4.85 மில்லிமீட்டர், ஒரு மிளகின் அகலம். அங்கே காற்றுப் படலத்தின் தடிமனோ 0.003 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த மெல்லிய ஆப்பு வடிவக் காற்று, கண்ணுக்கு எட்டாத தடிமனைக் கண்ணுக்கு எட்டும் அகலமாக விரித்துக் காட்டுகிறது. பின்னால் வந்த எல்லாக் கருவிகளும் செய்தது இந்த விரித்துக்காட்டும் வேலைதான்.

ஆனால் நியூட்டன் ஒளியை அலை என்று ஏற்கவில்லை. அது துகள் ஓட்டம் என்றே கருதினார். வளையங்களை விளக்க, துகள்கள் சீரான இடைவெளியில் எளிதில் புகும் நிலையையும் எளிதில் திரும்பும் நிலையையும் மாறிமாறி அடைகின்றன என்றார். இடைவெளி சீரானது என்பதைக் கண்டவர், அதை அலை என்று அழைக்கவில்லை, அவ்வளவே. சுமார் நூறாண்டு கழித்து, 1801இல், லண்டன் ராயல் சொசைட்டியில் பேசிய தாமஸ் யங் நியூட்டனின் அளவீடுகளையே எடுத்துக்கொண்டார். ஒளி படலத்தினுள் போய்த் திரும்பி வருகிறது. ஆகவே தடிமனை இரட்டித்தால் அலைநீளம். சிவப்பின் ஓரத்துக்கு 0.0000266 அங்குலம், ஊதாவின் ஓரத்துக்கு 0.0000167 அங்குலம் என்று அட்டவணை போட்டார். இன்றைய கணக்கில் 676, 424 நானோமீட்டர். நியூட்டனின் 89,000இல் ஒரு பங்கை இரட்டித்தால் 571 நானோமீட்டர், நல்ல மஞ்சள். அலையை நம்பாதவர் எடுத்த அளவு அலைக்காரர்களுக்கு முதல் ஆதாரமாயிற்று. கொள்கை தவறினாலும் ஒழுங்காக எடுத்த அளவு வீண்போவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

2. கம்பி, வைரம், ஒரு தப்பான மீட்டர்

யோசப் ஃபிரான்ஹோஃபர் பவேரியாக்காரர். சிறுவயதில் தாய்தந்தையை இழந்து, மியூனிக்கில் கண்ணாடித் தொழிலாளி ஒருவரிடம் வேலை பழகியவர். 1801இல் அந்தத் தொழிலாளியின் வீடு இடிந்து விழுந்து, இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். அவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. பெனடிக்ட்பாய்ர்ன் என்ற ஊரின் கண்ணாடிச் சூளையில் நல்ல வில்லை செய்வதுதான் அவர் தொழில். நல்ல வில்லைக்குக் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று தெரிய வேண்டும். ஆனால் "மஞ்சள்" என்றால் எந்த மஞ்சள்? 1814இல் சூரிய நிறமாலையில் அவர் கண்ட கருங்கோடுகள், ஐந்நூறுக்கு மேல், அந்தக் கேள்வியைத் தீர்த்தன. அவற்றுள் முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். சோடியம் மஞ்சளை நாம் இன்றும் டி கோடு என்பது அவர் இட்ட பெயரால்தான்.

கவனியுங்கள். ஒளியின் கோடுகளை அவர் முதலில் பயன்படுத்தியது கண்ணாடியை அளப்பதற்கான குறிகளாக. ரெக்கார்டு நோட்டின் முதல் பாதி!

இரண்டாம் பாதி 1821இல் வந்தது. நுண்ணிய மரையுள்ள இரண்டு திருகாணிகளை இணையாக நிறுத்தி, மரைக் குழிகளின் வழியே மெல்லிய கம்பியை மேலும் கீழுமாகச் சுற்றினார். 260 கம்பிகள், ஒரே சீரான இடைவெளி. அதன் வழியே வந்த ஒளி கோடுகோடாகப் பிரிந்து நின்றது. இடைவெளி தெரியும், கோணத்தை அளக்கலாம், அலைநீளம் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு வைர முனையால் கண்ணாடியிலேயே கோடு கீறினார். ஆக, ஒளியின் முதல் நல்ல அளவு ஒரு திருகாணியின் மரையை நம்பி வந்தது. 1826இல், நாற்பது வயது நிறையுமுன், அவர் இறந்தார்.

சுவீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் 1868இல் சூரிய நிறமாலையின் பெரிய வரைபடத்தை வெளியிட்டார். மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கை அலகாக வைத்தார். அதுதான் பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது. கோண அளவில் அவர் கைசுத்தம். ஆனால் கோடுகளின் இடைவெளியை எதோடாவது ஒப்பிட வேண்டுமே. அவர் நம்பியது உப்சாலாவில் இருந்த மீட்டர் கோலை. அதைப் பாரிஸின் மூலக்கோலோடு ஒப்பிட்டுத் தந்த திருத்தமே தவறாக இருந்தது. அதன்படி திருத்திய எண்கள், திருத்தாத எண்களைவிட அதிகம் பிழைபட்டன! கண்ணூன்றி எடுத்த அளவுகள் சரி. பெட்டிக்குள் உறங்கிய கோலுக்குத் தந்த திருத்தம் தவறு. பொதுவாக இந்தக் கதையை ஆங்ஸ்ட்ராமின் துரதிர்ஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கோலின் திருத்தம் பிழைபட்டது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு ஒளியின் அளவுகள் நுட்பமாகிவிட்டன என்பதே இதில் முக்கியம்.

3. ரோலண்டின் திருகு

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள். ஆய்வக உதவியாளர் ஒருவரின் நினைவுச் சொற்பொழிவில் இதை விரைந்து கடக்க முடியாது.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோலண்ட் 1880களின் தொடக்கத்தில் கோடு கீறும் பொறி ஒன்றைச் செய்தார். அது கீறியது அங்குலத்துக்கு 14,438 கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 0.00176 மில்லிமீட்டர். வைர முனை ஒரு கோடு கீறி முடித்ததும், திருகு ஒரு துளி திரும்பி, தகட்டை அந்த அளவு நகர்த்தும். மறுபடி ஒரு கோடு. 6 அங்குலக் கீற்றணி என்றால் எண்பத்தாறாயிரத்துக்கு மேல் கோடுகள். நாள்கணக்கில் இடைவிடாமல் ஓட வேண்டும். இடையில் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், 6 அங்குல எஃகு ஏறத்தாழ ஒரு கோட்டிடைவெளி அளவுக்கு நீண்டுவிடும். அதனால் பொறி நிலவறையில் வைக்கப்பட்டது.

இந்தப் பொறியின் உயிர் திருகில். குற்றமற்ற திருகை எப்படிச் செய்வது? கடைசலில் கடைந்தால், கடைசல் பொறியின் சொந்தத் திருகில் உள்ள குற்றம் புதியதில் படிந்துவிடும். தாயின் குறை பிள்ளைக்கு. ரோலண்ட் இதற்குச் செய்த உபாயத்தைக் கலைக்களஞ்சியக் கட்டுரையாகவே எழுதிவைத்திருக்கிறார். திருகின் மேல் நீண்ட சுரை (நட்டு) ஒன்றை, பிளந்து இறுக்கும்படியாகப் பொருத்தி, குருந்தப் பொடியும் எண்ணெயும் இட்டு, முன்னும் பின்னும் ஓட்டித் தேய்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுரையைக் கழற்றித் தலைமாற்றிப் போட வேண்டும். இப்படி இரண்டு வாரம். தலைமாற்றிப் போடுவதால் மேட்டுக்கு எதிரே பள்ளமும் பள்ளத்துக்கு எதிரே மேடும் வந்துவந்து உரசி, இரண்டும் தேய்ந்து சமமாகிவிடும். எந்த இடத்தில் எவ்வளவு பிழை என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நம்மூரில் அம்மி கொத்துபவரிடமோ தறி நெய்பவரிடமோ சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். இயற்பியல் முதுகலை வகுப்பில் எனக்கு இதை விளக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

அப்படியும் குற்றம் மிச்சமிருந்தது. திருகு ஒவ்வொரு சுற்றுக்கும் கடுகளவு முந்தி, கடுகளவு பிந்தினால், அந்தத் தடுமாற்றமும் கீற்றணியில் சீராகப் பதிந்துவிடும். அப்போது உண்மைக் கோட்டின் இருபுறமும் மங்கலான பொய்க்கோடுகள் தோன்றும். அவற்றுக்கு ஆங்கிலத்தில் பேய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பேய் எவ்வளவு தள்ளி நிற்கிறது, எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று பார்த்தால், நிலவறையில் இருக்கும் திருகின் குறையைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். உலோகத்தைக் கொண்டு ஒளியை அளக்கப் புறப்பட்டவர்களிடம் ஒளி உலோகத்தைக் காட்டிக்கொடுத்தது.

சூரியக் கோடுகள் இருபதாயிரத்துக்கான ரோலண்டின் அட்டவணை உலகமெங்கும் ஆட்சி செய்தது. பின்னர் அதிலும் பிழை இருப்பதாகத் தெரிந்தது. அதைக் காட்டியது திருகை நம்பாத வேறொரு கருவி.

4. அளப்பதை விட்டு எண்ணுவது

ஆல்பர்ட் மைக்கெல்சனின் குறுக்கீட்டுமானியில் ஓர் ஒளிக்கற்றை இரண்டாகப் பிரிந்து, இரண்டு ஆடிகளுக்குப் போய்த் திரும்பிவந்து சேர்கிறது. ஓர் ஆடியை அரை அலைநீளம் நகர்த்தினால் ஒரு பட்டை கடந்துபோகும். பட்டைகளை எண்ணினால் போதும். கோணம் வேண்டாம், மரை வேண்டாம்.

எந்த ஒளி? முதலில் சோடியத்தைத்தான் நினைத்தார். அது இரட்டைக் கோடு. ஆடி 0.29 மில்லிமீட்டர் நகர்வதற்குள் பட்டைகள் தெளிந்து, மங்கி, மறுபடி தெளியும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே கண்ணைக் கட்டிவிடும் ஒளி. பல தனிமங்களைச் சோதித்து, காட்மியத்தின் சிவப்புக் கோட்டில் வந்து நின்றார். 1892-93இல் பாரிஸை அடுத்த செவ்ரில், சர்வதேச எடை அளவுப் பணியகத்தில், பிளாட்டினம்-இரிடியம் மீட்டரில் எத்தனை காட்மிய அலைகள் அடங்கும் என்று கணக்கெடுத்தார்.

முப்பத்தோரு லட்சம் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதானால், நொடிக்கு ஒன்றாக 36 நாள் தூங்காமல் எண்ண வேண்டும். பட்டைகளும் அவ்வளவு தூரம் தெளிவாக நிற்காது. எனவே ஒன்பது இடைக்கோல்கள் செய்தார். மிகச் சிறியது 0.39 மில்லிமீட்டர், அதில் மட்டும் பட்டைகளை, சுமார் 1,200, நேராக எண்ணினார். அடுத்தடுத்த கோல் முந்தையதைப்போல் இருமடங்கு. கடைசியது 10 சென்டிமீட்டர். ஒவ்வொரு ஏற்றத்திலும் மிச்சமுள்ள பின்னத்தை மட்டும் பார்த்தால் போதும். படியால் மரக்காலையும் மரக்காலால் கலத்தையும் அளப்பதுபோல ஏறிப் போனார். விடை: ஒரு மீட்டருக்கு 1,553,163.5 அலைகள். பதினான்கு ஆண்டு கழித்து பெனுவா, ஃபாப்ரி, பெரோ மூவரும் வேறு முறையில் செய்தபோது கிடைத்தது 1,553,164.13. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு முழு அலைகூட இல்லை.

ஊரார் இதைக் காட்மியத்தின் அலைநீளத்தை அளந்த கதையாகச் சொல்வார்கள். மைக்கெல்சன் எழுதியதைப் பார்த்தால் அவர் நோக்கம் நேர்மாறு: மீட்டர் கோல் உருகிப்போனாலும் அதை ஒளியிலிருந்து மீட்டெடுக்க முடிய வேண்டும். 1907இல் ஆங்ஸ்ட்ராம் அலகையே காட்மியக் கோடு 6438.4696 என்று வைத்து வரையறுத்தார்கள், மீட்டரைக் கேட்கவில்லை. 1960இல் மீட்டரே கிரிப்டான்-86 வாயுவின் ஆரஞ்சுக் கோட்டின் 1,650,763.73 அலைகள் என்றாயிற்று. பிளாட்டினக் கோல் பெட்டிக்குள் போய் ஓய்வெடுத்தது. 1983இல் கிரிப்டானும் ஓய்வுபெற்றது. அதுமுதல், ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியில் கடப்பது 299,792,458 மீட்டர் என்பதிலிருந்து மீட்டர் பிறக்கிறது. உயர்நுட்ப ஆய்வகங்களில் இன்று லேசரின் அலைநீளத்தை அளப்பதைவிட அதன் அதிர்வெண்ணை எண்ணி, வகுத்துக்கொள்வதே வழக்கம்.

5. மூன்று நிமிடம்

நம் ஆய்வகத்துக்குத் திரும்புவோம். நம் வெர்னியரின் மீச்சிற்றளவு கோணத்தில் 1 நிமிடம். அங்குலத்துக்கு 15,000 கோடுள்ள கீற்றணியில், முதல் வரிசையில், சோடியம் கோடு 20 பாகை 22 நிமிடத்தில் நிற்கும். அங்கே 1 நிமிடம் என்பது 4.6 ஆங்ஸ்ட்ராம்.

1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை ஆந்திரத்தின் குண்டூரிலிருந்து வானியலாளர் ழான்சன் பார்த்தார். அந்தக் கிரகணத்தில் சூரியனின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியர் அந்தக் கோட்டின் இடத்தைச் சரியாகப் பார்த்தபோது, அது டி கோடுகளோடு பொருந்தவில்லை. சோடியத்தின் 5890க்குப் பதில் 5876. வித்தியாசம் 14 ஆங்ஸ்ட்ராம், அதாவது நம் வெர்னியரில் 3 நிமிடம். அந்த 3 நிமிடத்துக்குள் ஹீலியம் இருந்தது. மூன்று நிமிடம்தானே என்று ரெக்கார்டில் சரிக்கட்டுகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909இல் பார்த்தது இன்னும் நுண்மையானது. சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் ஊதாவை நோக்கியும் சாய்ந்திருந்தன. புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்றார். நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகமென்றால் 6000 ஆங்ஸ்ட்ராமில் சாய்வு 0.04 ஆங்ஸ்ட்ராம். நம் 1 நிமிடத்தில் நூற்றில் ஒரு பங்கு.

சென்னை மாநிலக் கல்லூரியில் ராமன் மாணவராக இருந்தபோது செய்ததும் நாம் எல்லோரும் செய்யும் சாதாரண வேலைதான்: நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது. ஒளி முகத்தில் மிகவும் சாய்ந்து விழுந்தபோது பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். 1906இல் அது லண்டன் பிலசாஃபிகல் மேகசினில் அவர் முதல் கட்டுரையாக வந்தது. கோணத்தை மட்டும் எழுதிக்கொண்டு நகர்ந்திருந்தால் அவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

இனி, என் கணக்கில் உள்ள ஒரு பிழை. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இரண்டு கீற்றணிப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் 15,000 என்று சீட்டு, மற்றதில் 12,500. ஒரு மாணவி 15,000 பெட்டியை வாங்கிப்போய் மீட்டருக்கு 4.92 லட்சம் கோடுகள் என்று எழுதிவந்தாள். வர வேண்டியது 5.9 லட்சம். சிவப்பு மையால் சுழித்து, மீண்டும் செய்யச் சொன்னேன். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் சோடியம் 16 பாகை 51 நிமிடத்திலேயே நின்றது. அவள் அழுதுவிடுவாள்போல இருந்தபோது, விளக்கை அணைக்க வந்த உதவியாளர், "சார், ரெண்டு பெட்டியும் ஒரு தடவை அலமாரியிலேர்ந்து விழுந்துச்சு. எடுத்து வச்சது நான்தான். அன்னிக்கு மாத்தி வச்சிருப்பேனோன்னு இருக்கு," என்றார். மற்ற பெட்டியைத் திறந்து, கீற்றணியை மாட்டிப் பார்த்தோம். 20 பாகை 22 நிமிடம்.

எப்போது விழுந்தது என்று கேட்டேன். ஏழெட்டு வருடம் இருக்கும் என்றார். அந்த ஏழெட்டு வருட ரெக்கார்டுகளிலும் 15,000 பெட்டிக்காரர்கள் 15,000 என்றும் 12,500 பெட்டிக்காரர்கள் 12,500 என்றும் எழுதியிருந்தார்கள். சீட்டைப் பார்த்துவிட்டுக் கோணத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பாதரசக் கோணங்களையும் அதற்கேற்ப வளைத்து, எல்லாம் அழகாகப் பொருந்தியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து.

கீற்றணிகளை இடம் மாற்றி வைத்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் மாற்றவில்லை. கை பட்டால் கீற்றணி கெட்டுவிடும் சார் என்று சொல்லி, அரை வாளித் தண்ணீரில் துணியை நனைத்து, இரண்டு பெட்டிகளின் சீட்டுகளையும் மெல்ல உரித்து, மாற்றி ஒட்டினார்.